அடிபம்புத் தண்ணீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பட்ட பாடு

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் ஒருவர், பீகாரின் போஜ்பூர் மாவட்டத்துக்காரர். உள்ளங்கை முழுக்க அரிசி அரிசியாகக் காய்ப்பு. முதலில் பார்த்த டாக்டர் "தோட்ட வேலை செய்யிற கை இப்படித்தான் இருக்கும்" என்று களிம்பு எழுதி அனுப்பிவிட்டார். அதே காய்ப்பு உள்ளங்காலிலும் இருந்தது, நெஞ்சில் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். கொழுந்து பறித்தால் காலில் ஏன் காய்க்கும்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கோவையில் பார்த்த தோல் டாக்டர்தான் "ஊரில் என்ன தண்ணீர் குடிச்சீங்க?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அடிபம்புதான். அதில் கலந்த ஆர்செனிக் என்ற நஞ்சுதான் இந்தக் காய்ப்புக்கும் புள்ளிகளுக்கும் காரணமாக இருக்கலாம் என்றார். கங்கைச் சமவெளி வண்டலில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் ஆர்செனிக், காற்றுப் புகாத மண்ணடியில் நுண்ணுயிர்களால் கரைந்து தண்ணீரில் இறங்கிவிடுகிறதாம். போஜ்பூரில் இது 2002இலேயே தெரிந்த விஷயம். நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக் கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

சரி, பம்புத் தண்ணீரைச் சோதித்துவிடலாம் என்று ஆரம்பித்ததில்தான் அலைச்சல். வேலைக்கு வந்த அவர் தம்பி ஊரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு லேபில் பணம் வாங்கிக்கொண்டு 'குடிக்க உகந்தது' என்று ரிப்போர்ட்டே கொடுத்துவிட்டார்கள். கடினத்தன்மை, உப்பு, கிருமி எல்லாம் இருக்கிறது, ஆர்செனிக் என்ற வரியே இல்லை. "அது பேக்கேஜில் வராதுங்க, தனியா எழுதித் தரணும்" என்றார்கள். அந்தத் தாளை நம்பியிருந்தால் அவர் அம்மா இன்றும் அதே பம்பில்தான் குடித்துக்கொண்டிருப்பார். அதனால் ஆர்செனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

மீதித் தண்ணீரோடு மறுபடி மலை இறங்கி இன்னொரு லேபுக்குப் போனோம். கூல்டிரிங்ஸ் பாட்டிலா, அமிலம் சேர்க்கலையா, இது ஆகாது என்று திருப்பிவிட்டார்கள். "ஏதாவது பாட்டிலில் கொண்டு வாங்க" என்று போனில் சொன்னதும் அவர்கள்தான்! இரும்பு அதிகமுள்ள தண்ணீர் அமிலம் சேர்க்காமல் நின்றால் துருவாகப் படியும், ஆர்செனிக்கும் அதோடு ஒட்டி அடியில் போய்விடும், அளவு குறைத்துக் காட்டும். லேபிலேயே நைட்ரிக் அமிலம் சேர்த்த பாட்டில் கேட்டு வாங்குங்கள், அதைக் கழுவிவிடாதீர்கள்.

கடைசியில் ஊரிலிருக்கும் அண்ணன் அங்கேயே மாவட்ட அரசு ஆய்வகத்தில் கொடுத்தார். சிக்கலில்லாமல் முடிந்தது. வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அவர்கள் பம்பில் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் நாலு வீடு தள்ளி, ஆழமாக இறக்கிய பம்பு வரம்புக்குள் இருந்தது! ஒரு பம்பை வைத்துத் தெருவையே முடிவு கட்டக் கூடாது. அண்ணன் அன்றைக்கே தங்கள் பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். அம்மா இப்போது அந்த இன்னொரு பம்பில்தான் தண்ணீர் பிடிக்கிறார்.

அப்புறம் உடம்புச் சோதனை. லேபில் சிறுநீர் போதும் என்றார்கள், டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுநீரில் தெரிவது கடைசிச் சில நாள் குடித்தது மட்டும். மாதக்கணக்கில் இங்கே ஊற்றுத் தண்ணீர் குடித்தவருக்கு நகமும் முடியும்தான் பழசைச் சொல்லும் என்று எழுதிக் கொடுத்தார். அதில் ஆர்செனிக்தான் என்று உறுதியானது. அந்தத் தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் மருந்து, காய்ப்பு புற்றாக மாறுகிறதா என்று விடாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அம்மாவின் கைகளையும் அங்கே ஒரு தோல் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறோம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பம்பை இன்னும் யாரும் சோதிக்கவில்லை. அண்ணன் அடுத்து அதைத்தான் எடுத்துப் போகிறார்.