பச்சிளங்குழந்தைப் பிரிவில் சீம்பால் சொட்டுகள்

எட்டாம் மாதத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டதால், என் மனைவியைப் பென்னாகரத்திலிருந்து 108 ஆம்புலன்சில் தருமபுரிக்கு அனுப்பினார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியைப் போட்டு, இயன்றவரை பிரசவத்தைத் தள்ளிப்போட்டார்கள். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேலானால் குழந்தைக்குக் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடும் என்பதால், மகள் பிறந்ததும் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகளைத் தொடங்கினார்கள்.

நஞ்சுக்கொடி வழியாகத் தாய் தரும் ஐஜிஜி எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது என்றும், வாயையும் தொண்டையையும் காக்கும் ஐஜிஏ அவ்வழியே வருவதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். ஆயினும் பிறந்த குழந்தையின் எச்சில் வெறும் நீரன்று. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைமும், கிருமிக்கு வேண்டிய இரும்பைப் பற்றிக்கொள்ளும் லாக்டோஃபெரினும் அதில் உண்டு. சீம்பால் இவற்றோடு ஐஜிஏவையும் சேர்த்துத் தருகிறது. பாலிலுள்ள ஒரு நொதி, எச்சிலிலுள்ள சில பொருள்களோடு கலக்கும்போது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிச் சில கிருமிகளைத் தடுக்கிறது என்று கேட்டபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

மகளுக்கு உறிஞ்சி விழுங்கும் திறன் இன்னும் வராததால் பால் குழாய் வழியே நேராக இரைப்பைக்குச் சென்றது, வாயில் படவில்லை. ஆகையால் செவிலியர், மனைவி கையால் பீய்ச்சிய மஞ்சள் நிறச் சீம்பாலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, இரு கன்னங்களின் உட்புறத்திலும் ஓரிரு சொட்டுகள் தடவினார். முதல் நாள் கிண்ணத்தின் அடி நனையும் அளவுகூட வரவில்லை. “வர்றது போதும்மா, அதைத்தான் கேக்கறோம்” என்றார் அவர். “சேனை வெக்காம எப்படி சாமி?” என்று சர்க்கரைத் தண்ணீரோடு நின்ற என் மாமியாரிடம், பிறந்த குழந்தையின் வாய்க்கு முதலில் சேர வேண்டியது இதுதான் என்று நானே எடுத்துச் சொன்னேன்.

கல்ச்சரில் கிருமி வளரவில்லை. குழந்தையும் நன்றாக இருந்ததால் மருந்தை நிறுத்தினார்கள். சீம்பால் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றன்று என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியே வீட்டுக்கு அனுப்பினார். பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்.