ஐந்தாம் மணிக்குப் பிறகு வெளிறிய ஜெல்

பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா பட்டினி கிடந்தால் ஸ்போராக, அதாவது தடித்த மேலுறை போர்த்திய உறங்கும் வடிவமாக, மாறும். அப்போது எந்தப் புரதம் எந்த நேரத்தில் உருவாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நன்றாக வளர்ந்த செல்களை சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, சத்துக் குறைந்த ஊடகத்தில் கலக்கும் நேரம்தான் பூஜ்ய மணி. அதிலிருந்து 37 டிகிரியில் 8 மணி நேரம், மணிக்கு ஒரு மாதிரி எடுக்க வேண்டும்.

2-ஆம் மணி வாக்கில் செல் ஓரமாகக் குறுக்குச் சுவர் எழுப்பி, ஒரு சின்ன அறையும் பெரிய தாய்ச்செல்லுமாகப் பிரிந்துகொள்ளும். இரண்டிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். ஆனால் எந்த மரபணுக்கள் இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் சிக்மா புரதங்கள் வேறு வேறு: சின்ன அறையில் முதலில் சிக்மா எஃப், அப்புறம் சிக்மா ஜி. தாய்ச்செல்லில் சிக்மா இ, அப்புறம் சிக்மா கே. பொறுப்பு கைமாறும்போதெல்லாம் செய்யப்படும் புரதங்களும் மாறும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

மாதிரியிலுள்ள புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டுவது ஜெல். முதல் ஜெல்லில் 4-ஆம் மணி வரை பட்டைகள் வந்தன, ஆனால் கலங்கலாக இழுபட்டு. ஸ்போராகும் செல்கள் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை ஏராளமாக வெளிவிடும். அந்த நொதிகளைத் தடுக்க நான் சேர்த்த பிஎம்எஸ்எஃப் முந்தைய நாள் நீர்க்கரைசலில் கலந்து வைத்தது. தண்ணீரில் அது நிற்காது. அடுத்த தடவை ஆல்கஹாலில் கரைத்து வைத்து, மாதிரி எடுக்கும் நேரத்தில் சேர்த்தேன். செல்களையும் உடனே உறைய வைத்தேன். பட்டைகள் தெளிந்தன.

5-ஆம் மணிக்குப் பிறகு மட்டும் ஜெல் வெளிறியே கிடந்தது. 'உற்பத்தி நின்றுவிட்டது' என்று நோட்டில் எழுதியும் விட்டேன். மனசு ஒப்பவில்லை. சிக்மா கே மும்முரமாக மேலுறைப் புரதங்களைச் செய்யவைக்கும் நேரமாயிற்றே? செல் சுவரைக் கரைக்கும் லைசோசைம் நொதி போட்டு உடைத்ததாக நினைத்திருந்த 7-ஆம் மணி மாதிரியில் ஒரு சொட்டு எடுத்து ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அரிசிமணி போல வெள்ளை வெளேரென்று ஸ்போர்கள், ஒன்றுகூட உடையாமல். மேலுறை லைசோசைமை உள்ளே விடவே இல்லை. புரதமெல்லாம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

பிறகு கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, புரதங்களை விரித்துக் கரைக்கும் எஸ்டிஎஸ்ஸும், டைசல்ஃபைடு பிணைப்புகளை அறுக்கும் டிடிடியும் தாராளமாகச் சேர்த்துக் கொதிக்க வைத்தேன். மேலுறைப் புரதங்கள் அந்தப் பிணைப்புகளால்தான் ஒன்றோடொன்று கட்டுண்டவை. டிடிடி இல்லாமல் பல வெளியே வராது. ஸ்போரின் டிஎன்ஏவைப் போர்த்திப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் சின்னப் புரதங்களை அமிலத்தில் தனியாகப் பிரித்தேன். என் 12 சதவீத ஜெல்லில் அவை அடியோடு ஓடிப்போயிருக்கும் என்பதால் இன்னும் அடர்த்தியான 18 சதவீதத்துக்கு மாறினேன்.

ஜெல் காட்டுவது இருப்பைத்தான், புதிதாகச் செய்ததை அல்ல. அதனால் கதிரியக்கக் கந்தகம்-35 கொண்ட மெத்தியோனினை (புதிதாகச் செய்யப்படும் புரதங்களில் சேரும் அமினோ அமிலம்) செல்களுக்குச் சில நிமிடங்கள் கொடுத்து, இதே முறையில் உடைத்து ஓட்டினேன். கதிரியக்கத்தைப் பதிவு செய்யும் ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, 6-ஆம் மணி வரிசையில் முன்பு இல்லாத பட்டைகள் கறுப்பாகத் தெரிந்தன. நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தேன்.