உள்ளே மடிந்த சுருள்

டிரான்ஸ்ஃபார்மரின் வெளிச்சுருளைக் கழற்றியதும் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. உள்ளே இருந்த லோ வோல்டேஜ் வைண்டிங் (குறைந்த மின்னழுத்தச் சுருள்), மிதிபட்ட தகர டப்பா மாதிரி நடுவிலுள்ள இரும்புக் கோர் பக்கம் நசுங்கிக் கிடந்தது. எரிந்த தடயமே இல்லை.

ஷார்ட் சர்க்யூட்டில் கரண்ட் 10 மடங்கு பாய்ந்தால் விசை 100 மடங்கு, வர்க்கக் கணக்கு. இரண்டு சுருளிலும் கரண்ட் எதிரெதிர்த் திசை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். வெளிச்சுருள் விரியப் பார்க்கும், செம்பு ஓரளவு தாங்கிவிடும். உள்சுருள்தான் பாவம், மடிந்துவிடுகிறது.

“பிரேக்கர் உடனே டிரிப் ஆச்சே சார்?” என்றான் உதவியாள் தம்பி. 50 ஹெர்ட்ஸில் ஷார்ட் சர்க்யூட் கரண்டின் முதல் உச்சம் சுமார் 10 மில்லிசெகண்டில் வந்துவிடும். அதற்குள் எந்த சர்க்யூட் பிரேக்கர் திறக்கும்?

சுருளை இறுக்கிப் பிடிக்க மேலே இருந்த பிரஸ்போர்டு (அழுத்திய காகித அட்டை) கட்டையை விரலால் தள்ளினேன். நகர்ந்தது. பல வருஷமாய்ச் சுருங்கி, பிடிமானம் எப்போதோ தளர்ந்திருக்கிறது.