ஜீரோ வாட்ஸ் நீலம்

ஜூன் 8, 2024, சனி

சிங்கப்பூர், செங்காங் வீட்டு ஹாலில் பவளம் வளர்க்கும் இரண்டடி கடல்நீர்த் தொட்டிக்கு இன்று புது எல்இடி விளக்கு. ஆறு வருஷம் உழைத்த டி5 குழல்விளக்குகளுக்கு ஓய்வு. நீலத்தை 60 சதவீதத்தில் வைத்தேன், தொட்டி அழுதுவடிந்தது. 85க்கு ஏற்றினேன், வெள்ளை 20. அப்போதும் பழைய வெளிச்சம் வரவில்லை. "என்னப்பா இது, சாமி ரூமுக்கு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்ட மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

ஜூன் 12, புதன்

விரல் நீளத்துக்கு ஆடும் டார்ச் பவளம் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. பட்டாணி அளவு நுனிகள்தான் வெளியே தெரிகின்றன. மணலோரக் கல்லில் இருக்கும் காளான் பவளமும் சுருங்கிக் கிடக்கிறது. உப்பின் அடர்த்தி 1.025, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரி, காரத்தன்மை (கேஎச்) 8. தண்ணீரில் குறையில்லை. வெளிச்சம்தான் போதவில்லை என்று நீலத்தை 90 ஆக்கினேன். (மடத்தனம். அழிக்காமல் விட்டுவைக்கிறேன்.)

ஜூன் 15, சனி

மேல்பாறையில் இருக்கும் மான்டிபோரா என்ற தட்டுப் பவளம் வெளுத்துவிட்டது. விளக்கைப் பார்த்த பக்கம் முழுக்க எலும்பு நிறம்; தட்டுக்கு அடியில், நிழல் விழும் இடத்தில் மட்டும் பழைய ஆரஞ்சு. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. வெளிச்சம் குறைந்தால் பவளம் பெரும்பாலும் பழுப்படிக்கும், உள்ளே வாழும் பாசி நிறமியைக் கூட்டிக்கொள்வதால். மிஞ்சினால்தான் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிட்டு இப்படி வெளுக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் (PAR) மீட்டரை வாடகைக்கு எடுத்து வந்தேன். மேல்பாறையில் 410! டார்ச் இருக்கும் நடுப்பாறையில் 240. காளானுக்குப் பக்கத்தில் 170, அதற்கு 50 முதல் 100 இருந்தாலே தாராளம். அப்படியென்றால் என் கண்ணுக்கு ஏன் மங்கலாகத் தெரிந்தது? நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் பளிச். 450 நீலத்தை அது அரைகுறையாகத்தான் பார்க்கும். பவளப் பாசிக்கோ அந்த நீலம்தான் சாப்பாடு. போனில் இருக்கும் லக்ஸ் செயலியும் கண்ணைப் போலவே அளப்பதால் அதை நம்பவும் வழியில்லை.

நீலம் 45, வெள்ளை 10. மேலே 200க்கு வந்தது. விளக்கு எரியும் பத்து மணி நேரத்தை ஏழாகக் குறைத்தேன். அம்மாவின் ஜீரோ வாட்ஸ் இன்னும் மங்கிவிட்டது, இருக்கட்டும்.

ஜூன் 29, சனி

டார்ச் முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது. காளானைக் காணோம். கல் வெறுமையாக இருக்கிறது. பம்ப், வடிகட்டி எல்லாவற்றிலும் தேடியாயிற்று.

ஜூலை 7, ஞாயிறு

இனி வாரத்துக்கு விளக்கு நேரத்தில் அரை மணி ஏற்றம், இல்லையென்றால் நீலத்தில் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து இல்லை. இந்த வாரம் அதுவும் இல்லை: விளக்கின் அடிக்கண்ணாடியில் உப்புப் பொருக்குக் கட்டியிருந்தது. அதைத் துடைத்ததே ஓர் ஏற்றம்தான்.

ஜூலை 28, ஞாயிறு

மான்டிபோராவின் விளிம்பில் ஊதா வளையம்; அதுதான் புது வளர்ச்சி. நடுவில் வெளுத்த இடத்தில் இளம்பழுப்பு ஏறுகிறது. ஒரு மூலை மட்டும் போய்விட்டது, அங்கே பச்சைப் பாசி குடியேறிவிட்டது.

காளான் கிடைத்துவிட்டது. கல்லைவிட்டுக் கழன்று, பாறைக்குப் பின்னால் வெளிச்சம் எட்டாத இடுக்கில் ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கிறது. முன்னால் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். வேண்டாம். பார்க்க ஆசைப்பட்டால் பக்கக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.