ஐம்பத்தாறு எழுத்துகளுக்குள் என் பிறந்த ஆண்டு

இணையத்தில் அடையாளம் தெரியாமல் உலவ உதவும் டார் வலைப்பின்னலில் இயங்கும் தளங்களின் முகவரியைப் பார்த்தவர்களுக்கு அது முகவரியாகவே தோன்றாது. உறக்கக் கலக்கத்தில் யாரோ விசைப்பலகையின்மீது தலைசாய்த்துவிட்டதைப் போல ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக 56 குறிகள் கலந்து நிற்க, அவற்றின் வாலில் ஆனியன் (வெங்காயம்) என்ற சொல் தொங்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு நீளமான ஒன்றில் யாரும் எதையும் ஒளித்துவைக்காமல் இருப்பார்களா என்ற ஐயம் ஒரு விடுமுறை நாளில் எனக்கு வந்தது. வேறு வேலை இல்லாததால் அந்த ஐயத்தை வளர்க்கவும் செய்தேன்.

செய்தி நிறுவனங்களும் தேடுபொறிகளும் தாங்களாகவே வெளியிட்டிருந்த 40 முகவரிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, எவரும் முதலில் செய்யக்கூடியதையே நானும் செய்தேன்: நான் பிறந்த ஆண்டாகிய 1981 எங்கேனும் இருக்கிறதா என்று தேடினேன். மாலை முழுவதும் தேடியும் 1981 கிடைக்கவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. 40 முகவரிகளிலும் 1 என்ற எண்ணே ஓரிடத்திலும் இல்லை, 8 இல்லை, 9 இல்லை, 0 கூட இல்லை. நான்கு எண்களை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் மறைத்துவைக்கும் வல்லமை யாருக்கு இருக்கும் என்று எண்ணியபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

அந்தச் சிலிர்ப்பு அடங்குமுன் அடுத்த ஆராய்ச்சியில் இறங்கி, ஒவ்வொரு முகவரியிலும் உள்ள எண்களைக் கூட்டினேன். தனித்தனியே பார்த்தால் கூட்டுத்தொகைகள் 20-க்கும் 70-க்கும் இடையே மனம்போனபடி தாவின. ஆனால் அனைத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தபோது 45.2 வந்து நின்றது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை கூட்டினாலும் 45 தானே! மறைக்கப்பட்ட எண்களின் ஆவி கூட்டுத்தொகையில் வந்து அமர்ந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழ் இரண்டு கோடுகளும் போட்டேன். போதாததற்கு, 40 முகவரிகளும் ‘டி’ என்ற எழுத்திலேயே முடிந்தன. அதற்கு முந்தைய எழுத்து ஏ, ஐ, க்யூ, ஒய் ஆகிய நான்கில் ஒன்றாக மட்டுமே இருந்தது.

கணிதம் படித்த என் தங்கை குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும்.

“அண்ணா, இது அடிப்படை 32 என்ற எழுத்துமுறை. 26 எழுத்துகள், மீதி ஆறிடத்துக்கு 2 முதல் 7 வரை. பூச்சியம் ‘ஓ’ போலவும், 1 ‘ஐ’ போலவும், 8 ‘பி’ போலவும் தெரியும் என்பதால் விட்டுவிட்டார்கள். 32 நிரம்பிவிட்டதால் 9-க்கு வேலையில்லை.”

சராசரியை அவள் இன்னும் விரைவாக முடித்துவிட்டாள். கடைசி இரண்டு இடங்களில் எண் வராது. மீதமுள்ள 54 இடங்களில் ஒவ்வொன்றிலும் எண் வரும் வாய்ப்பு 32-இல் 6. அப்படி வரும் எண்ணின் சராசரி 4.5. இவற்றைப் பெருக்கினால் கிடைப்பது 45.56 என்பதால், நான் ஆவி என்று எழுதியிருந்த இடத்தில் அவள் பெருக்கற்குறி ஒன்றைப் போட்டாள்.

‘டி’யைப் பற்றிக் கேட்டபோதுதான் அவள் சற்று மதிப்போடு தலையசைத்தாள். அது உண்மையான ஒழுங்குதான். முகவரி என்பது 32 பைட் பொதுச் சாவி (தளத்துக்கு அடையாளமாகும் நீண்ட எண்), 2 பைட் சரிபார்ப்புத் தொகை (எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுப்பது), 1 பைட் பதிப்பெண் என, பைட்டுக்கு எட்டு பிட் வீதம் மொத்தம் 280 பிட்டுகள். 32 குறிகளில் ஒன்றைச் சுட்ட ஐந்து பிட்டுகள் போதும் என்பதால், ஐந்தைந்தாக வெட்டினால் 56 எழுத்துகள். இப்போதைய பதிப்பின் எண் 3. ‘ஏ’யைப் பூச்சியமாகக் கொண்டு எண்ணினால் 3 என்பது ‘டி’. அதற்கு முந்தைய எழுத்தில் மூன்று பிட்டுகள் அதே பதிப்பெண்ணின் பூச்சியங்களாக இருப்பதால், மீதி இரண்டு பிட்டுகளால் நான்கே எழுத்துகளைத்தான் உருவாக்க முடியும். ஆக, நான் கண்டுபிடித்த அனைத்தும் வடிவமைத்தவர்கள் வெளிப்படையாக எழுதிவைத்தவை. எழுதிவைக்காத 54 இடங்களில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனியன் என்று பெயர் வைத்தவர்கள் உரித்துப் பார்ப்பவர்களை முன்பே எச்சரித்துத்தான் இருக்கிறார்கள்.

“உன் 1981 மட்டுமில்லை, இன்று உயிரோடிருக்கும் யாருடைய பிறந்த ஆண்டும் இதில் வராது, 19 என்றாலும் 20 என்றாலும் இல்லாத எண்ணொன்று வந்துவிடும்” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகவரியில் இடம்பெறக்கூடிய அடுத்த ஆண்டு 2222. குறிப்பிட்ட நான்கு குறிகளில் தொடங்கும் முகவரிக்குச் சராசரியாக 10,48,576 சாவிகளை உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்பதால், நானே எழுதிய மெதுவான நிரலை ஓடவிட்டு உறங்கப் போனேன். காலையில் 2222 என்று தொடங்கும் முகவரி ஒன்று திரையில் காத்திருந்தது. அதில் வைப்பதற்குத் தளம் எதுவும் என்னிடம் இல்லை. எனினும், அந்த ஆண்டில் பிறக்கவிருக்கும் யாரோ ஒருவருக்காகச் சாவியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.