உடுக்குறி போடாத சொல்

“மதுவுக்கு எபிரேயத்தில் யயின், அரபியில் வய்ன், பழைய எத்தியோப்பிய மொழியான கெயெஸிலும் வய்ன். இவற்றுக்கெல்லாம் தாயான மூலச் செமித்திய மொழியில் வடிவம் வய்ன். முன்னால் உடுக்குறி போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போக வேண்டியதுதானேப்பா?” என்றார் மூத்த ஆசிரியர். எழுத்தில் கிடைக்காமல், மூலமொழியில் இருந்திருக்கும் என்று நாங்கள் மீட்டெடுக்கும் சொல்லுக்கு முன்னால் சொற்பிறப்பு அகராதியில் போடும் நட்சத்திரக் குறிதான் (*) உடுக்குறி. நான் முடியாது என்றேன். பதிவு அச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் எனக்குள் இன்னும் முடிந்தபாடில்லை.

அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. சொல்லின் தலையில் நிற்கும் வகரம் எபிரேயத்தில் யகரமாகும். குழந்தை அரபியில் வலத், எபிரேயத்தில் யெலெத். அந்தக் கணக்கில் யயினும் முறையாகவே வருகிறது. என் சிக்கல் வேறு. அரபி வய்ன் பழைய அகராதிகளில் கறுப்புத் திராட்சையாக ஒரு மூலையில் கிடக்கிறது. மதுவுக்கு அங்கே கம்ர். பழைய மெசபடோமிய மொழியான அக்காதியத்தில் ஈனு என்று அரிதாக ஒன்று உண்டு, புழங்கிய சொல் கரானு. கெயெஸுக்கு இது கிறித்துவத்தோடு வந்திருக்கலாம். செமித்தியம் அல்லாத பக்கம் பார்த்தால் கிரேக்கத்தில் ஒய்னோஸ், ஜார்ஜியத்தில் க்வினோ. ஜார்ஜியாவில் சுமார் 8,000 ஆண்டுப் பழைய பானை ஓடுகளில் திராட்சை மதுவின் தடயமே கிடைத்திருக்கிறது. சரக்கு போகிற ஊருக்கெல்லாம் அதன் பேரும் கூடவே போகும். அப்படிப் போன ஒன்றை மூலமொழியின் சொந்தச் சொல் என்று எப்படி எழுதுவது?

ஒலிமாற்றம் ஒழுங்காக இருந்தால், அந்த மாற்றத்துக்கு முன்பே சொல் அங்கே இருந்தது என்பது தெரியும். எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. இதைச் சொன்னதும் அவர், “அப்படிப் பார்த்தால் எந்தச் சொல்லுக்குமே போட முடியாதே” என்றார். நான் பேசாமல் இருந்தேன். உடுக்குறி இல்லாமல், ‘ஊர்சுற்றிச் சொல்’ என்ற குறிப்போடு பதிவு போனது. நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன், பெரும்பாலும்.

அப்புறம் காளைக்கான சொல் வந்தது. அக்காதியத்தில் ஷூரு, எபிரேயத்தில் ஷோர், அரமேயத்தில் தோரா, அரபியில் ஸவ்ர் (நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்ல வேண்டிய ஸகரம்). வரிசை அவ்வளவு சுத்தம். தயங்காமல் உடுக்குறி போட்டேன். ஆனால் காளைக்கான கிரேக்கத் தவ்ரோஸ் பக்கத்திலேயே நிற்கிறது. அக்காதியரின் அன்றாடச் சொல்லோ அல்பு. ஷூரு அவ்வளவு புழக்கமில்லை. வய்னுக்கு நான் அடுக்கிய அதே ஆட்சேபங்கள்!

அரபியில் மது திராட்சையானதைப் போல இங்கே பொருள் நழுவவில்லை, எல்லா மொழியிலும் மாடு மாடாகவே இருக்கிறது என்று ஒரு காரணம் கைவசம் வைத்திருக்கிறேன். ஆசிரியர் இன்னும் கேட்கவில்லை.