மால்டாவில் முதல் வாரம்: வந்து இறங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மால்டா சின்னத் தீவுதான். கோசோ, கொமினோ தீவுகளையும் சேர்த்து மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர். ஆனால் இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், நேரத்தில் போடுங்கள். விமான நிலையத்திலிருந்து தலைநகர் வலெட்டாவுக்கு எட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். காலை நெரிசலில் பேருந்து அரை மணி நேரத்தை விழுங்கிவிடும்.

நிறுத்தத்தில் சும்மா நின்றால் பேருந்து நிற்காது. எண் கண்ணில் பட்டதும் கையை நன்றாக நீட்ட வேண்டும். வண்டி நிரம்பியிருந்தால் நீட்டிய கையையும் கடந்து போய்விடும். கோடையில் நடுவழி நிறுத்தங்களில் இது அடிக்கடி நடக்கும். அவசரமென்றால் வலெட்டா நகரவாசலுக்கு வெளியே உள்ள பேருந்து நிலையத்துக்கே போய் ஏறுவது நல்லது. கட்டணத்தை வங்கி அட்டையைத் தட்டிக் கட்டலாம். ஒரு சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும். அதற்குள் வண்டி மாறினால் மறுபடி காசு இல்லை. வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் தங்கள் பெயரில் தல்லின்யா என்ற பேருந்துப் பயண அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். 2022 அக்டோபரிலிருந்து அந்த அட்டை வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான தடங்களில் பயணம் இலவசம்.

ஊர்ப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. இம்ஜார் என்று இரண்டு ஊர்கள்: ஒன்று மால்டாவின் உள்பகுதிக் கிராமம், மற்றது கோசோவின் துறைமுகம். ரபாத்தும் இரண்டு. கோசோ போகவேண்டியவர் இம்ஜார் என்று எழுதிய பேருந்தில் ஏறினால் வயல்வெளிக்குத்தான் போய்ச் சேருவார். ஏறவேண்டியது, கோசோ படகு புறப்படும் சிர்கெவ்வா துறைக்குப் போகும் வண்டி. வலெட்டாவிலிருந்து 41, 42. படகுப் பயணம் 25 நிமிடம். போகும்போது யாரும் சீட்டுக் கேட்கமாட்டார்கள், பதறவேண்டாம். கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் போகவர இரண்டுக்கும் சேர்த்து வாங்குவார்கள்.

மின்செருகி பிரிட்டிஷ் பாணி, மூன்று சதுரமுனை. இலங்கையில் அதைப் பழகியவர்களுக்குக் கவலையில்லை; இந்தியாவின் வட்டமுனைக்கு மாற்றி தேவை. வாகனங்களும் நம் ஊர்போல இடப்பக்கம்தான். குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்தது. குடிக்கலாம், ஆனால் சுவை பிடிக்காமல் பலரும் போத்தல் வாங்குகிறார்கள். போத்தலுக்கு 10 சென்ட் முன்பணம் சேர்த்துப் பிடிப்பார்கள். காலிப் போத்தலை நசுக்காமல், பட்டைக்கோட்டுத் (பார்கோடு) தாளைக் கிழிக்காமல் இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசுக்குச் சீட்டு வரும். நசுங்கியதை இயந்திரம் திருப்பித் தள்ளிவிடும்.

வீடு எடுக்கும்போதுதான் பொறுமை வேண்டும். வாடகை ஒப்பந்தம் வீட்டுவசதி ஆணையத்தில் பதிவாக வேண்டும் என்பது 2020இலிருந்து சட்டம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது ‘ஃபார்ம் எச்’. வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று மின்சார, தண்ணீர்க் கட்டண அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம் இது. இதைக் கொடுக்காவிட்டால் குடியிருப்போருக்கான குறைந்த கட்டணம் கிடைக்காது. அதே அளவு மின்சாரத்துக்கு அதிகம் கட்டுவீர்கள். நான்கு பேர் சேர்ந்து இருந்தால் நான்கு பேரும் பதிவாகியிருக்க வேண்டும். சாவி வாங்கும் அன்றே இரண்டு மீட்டர்களையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

கோடையில் வீடு பார்க்கிறவர்கள் மறப்பது ஈரத்தை. சுண்ணாம்புக்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். பெரும்பாலான வீடுகளில் மைய வெப்பமூட்டல் கிடையாது. டிசம்பர் வந்தால் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் படரும், பெட்டியில் மடித்துவைத்த பட்டுப்புடவையிலும் புள்ளி விழும். எனவே வீடு பார்க்கும்போதே அலமாரியை ஒரு சாண் இழுத்துப் பின்சுவரைத் தடவிப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த மூலை மட்டும் தனியாகத் தெரிந்தால் காரணம் கேளுங்கள். தரைத்தளமும் அதற்குக் கீழான தளமும் வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை நவம்பருக்குள் வாங்கி, படுக்கையறைக் கதவைச் சாத்தி ஓடவிடுங்கள்; தொட்டி நிறைந்தால் அது தானாக நின்றுவிடும், ஆகவே தூங்கப்போகுமுன் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.